‘டேக்’ என்றால் வெறும் ‘எடு’ இல்லை: ஒரே ஒரு ஆங்கில வினைச்சொல்லுக்கு முழு வழிகாட்டி

கிருஷ்ணகிரி மாவட்டத்துக் காவேரிப்பட்டணம் பக்கத்தில் ஒரு மாங்கூழ் ஆலையில், டெஸ்பாட்ச் பிரிவில் நான் வேலை பார்த்தபோது நடந்தது இது. கப்பலில் அனுப்பிய டிரம்களில் சில நசுங்கிப் போய்ச் சேர்ந்ததாக வெளிநாட்டு வாடிக்கையாளர் புகார் எழுதியிருந்தார். நாங்களும் விளக்கம் அனுப்பினோம். இரண்டு நாளில் ஒற்றை வரிப் பதில் வந்தது: ‘வி வில் டேக் இட் அப் வித் தி ஷிப்பிங் லைன்.’ ‘டேக்’ என்றால் எடு. சரி, எடுத்துக்கொள்கிறார்கள். மேனேஜரிடம் ஓடிப்போய், “சார், சரக்கை எடுத்துக்கிறோம்னு எழுதிட்டாங்க” என்றேன். அவரும் நிம்மதியாக அடுத்த லோடை ஏற்றச் சொல்லிவிட்டார். நான்கு நாள் கழித்து, நசுங்கிய டிரம்களுக்குப் பணத்தைக் கழித்துக்கொண்ட கணக்கு வந்தது. அந்த வரிக்குப் பொருள் ‘இதைப் பற்றிக் கப்பல் கம்பெனியிடம் பேசுகிறோம்’ என்பது மட்டும்தான். சரக்கை ஏற்றுக்கொண்டதாக அதில் ஒரு வார்த்தைகூட இல்லை.

இப்போது அந்த வேலையில் இல்லை. ஓசூர்ப் பக்கம் வேலைக்குப் போக நினைக்கிற பிள்ளைகள் பத்துப் பதினைந்து பேருக்கு மாலையில் ஆங்கிலம் சொல்லித் தருகிறேன். முதல் வாரம் முழுக்க இந்த ஒரு சொல்தான். எடு, கொண்டு போ, பிடி, ஆகும், தாங்கு, வாங்கிக்கொள் என்று தமிழில் ஆறேழு சொல் செய்கிற வேலையை ஆங்கிலத்தில் இது ஒன்றே செய்துவிடுகிறது. ஆனால் நம் ஊர் அகராதிகள் முதலில் ‘எடு’ என்று போட்டுவிடுவதால், நாமும் அதையே பிடித்துத் தொங்குகிறோம்.

முதல் படி: ‘பிடி’ என்று நினைத்துப் பாருங்கள்

இந்தச் சொல் ஆங்கிலத்தில் பிறந்ததே இல்லை. வட ஐரோப்பாவிலிருந்து கடல் வழியாக வந்த வைக்கிங்குகள் பேசிய பழைய நார்ஸ் மொழியில் இருந்த ‘டாகா’ என்ற சொல் இங்கிலாந்துக்கு வந்து, அங்கே ஏற்கெனவே இருந்த ‘நிமான்’ என்ற சொல்லை விரட்டிவிட்டு உட்கார்ந்துகொண்டது. பழைய சொல்லின் மிச்சம் ‘நம்ப்’ என்ற சொல்லில் இன்னும் இருக்கிறது. கால் மரத்துப்போனால் ‘நம்ப்’ என்கிறார்களே, அதுதான். உணர்வை யாரோ பறித்துக்கொண்டது போல என்று பொருள். வந்தேறிய ‘டாகா’வுக்குப் பற்று, கைப்பற்று, தொடு என்றெல்லாம் பொருள் உண்டு. நம்முடைய ‘பிடி’க்கு மிக அருகில் நிற்கிற சொல்.

‘பிடி’யை நாம் எங்கெல்லாம் சொல்கிறோம் என்று எண்ணிப் பாருங்கள். பஸ்ஸைப் பிடிக்கிறோம். படம் பிடிக்கிறோம். ‘போய்ச் சேர ரெண்டு மணி நேரம் பிடிக்கும்’ என்கிறோம். ‘இந்த டேங்க்ல எவ்வளவு தண்ணி பிடிக்கும்?’ என்று கேட்கிறோம். இந்த நான்கு இடத்திலும் ஆங்கிலக்காரன் ‘டேக்’ போடலாம். ‘டேக் எ பஸ்’, ‘டேக் எ போட்டோ’, ‘இட் டேக்ஸ் டூ அவர்ஸ்’, ‘தி டேங்க் டேக்ஸ் எ தவுசண்ட் லிட்டர்ஸ்’. இப்படிப் பார்த்தால் ‘எடு’வைவிட நல்ல துணை ‘பிடி’. எல்லா இடத்துக்கும் அதுவும் பொருந்தாது. ஆனால் தொடங்குவதற்கு இதுதான் சரியான வாசல்.

இரண்டாம் படி: நம்ம ‘எடு’ எங்கெல்லாம் ஏமாற்றும்

இந்தப் படியில்தான் நம் ஆட்கள் அதிகம் வழுக்கி விழுகிறார்கள். அதனால் கொஞ்சம் நிதானமாகப் போவோம்.

பொங்கலுக்குத் துணி எடுக்கிறோம். பரீட்சையில் மார்க் எடுக்கிறோம். வெயிலில் அலைந்தால் பசி எடுக்கிறது. ஒத்துக்கொள்ளாததைத் தின்றால் வாந்தி எடுக்கிறது. பாம்பு படம் எடுக்கிறது. இவற்றில் ஒன்றுக்குக்கூட ‘டேக்’ வராது. துணி எடுத்தேன் என்பதை ‘ஐ டுக் கிளாத்ஸ் ஃப்ரம் தி ஷாப்’ என்று சொன்னால், காசு கொடுக்காமல் தூக்கிக்கொண்டு வந்தது போல இருக்கும். ‘பாட்’ அதாவது வாங்கினேன் என்றுதான் சொல்ல வேண்டும். மார்க்குக்கு ‘காட்’ (‘கெட்’டின் இறந்த காலம்) அல்லது ‘ஸ்கோர்ட்’. பசிக்கு ‘ஐ ஆம் ஹங்ரி’. பாம்பு விஷயத்தில் ஒரு பையன் ‘தி ஸ்நேக் இஸ் டேக்கிங் பிக்சர்ஸ்’ என்று எழுதிக் கொடுத்தான். பாம்பு கையில் செல்போன் வைத்திருப்பதாக அன்று முழுக்க வகுப்பில் சிரிப்புதான்.

பஸ் ஸ்டாண்டில் இன்னொரு பொறி இருக்கிறது. தர்மபுரி பஸ் ஸ்டாண்டில் ஒகேனக்கல் பஸ்ஸுக்காகக் காத்திருக்கிறீர்கள். டீ குடித்துவிட்டுத் திரும்புவதற்குள் வண்டி கிளம்பிவிட்டது. பக்கத்தில் நிற்கிற அண்ணன், “இப்பத்தான் எடுத்தாங்க” என்கிறார். தமிழில் வண்டியை எடுப்பது என்றால் கிளப்புவது. இதை ‘தே டுக் தி பஸ்’ என்றால், அவர்கள் அந்த பஸ்ஸில் பயணம் போனார்கள் என்று பொருள் ஆகிவிடும். சரியானது ‘தி பஸ் ஹேஸ் ஜஸ்ட் லெஃப்ட்’. அதே பஸ்ஸில் ஏறிப் போவதைத்தான் ‘ஐ டுக் தி பஸ்’ என்பார்கள். ஓடிப்போய், கிளம்புவதற்குள் ஏறிவிட்டால் ‘ஐ காட் தி பஸ்’, அதாவது ‘கேட்ச்’சின் இறந்த காலம். (‘டேக் தி ட்ரெயின்’ என்று உதாரணம் சொல்ல வேண்டுமானால் தர்மபுரி, ஓசூர் மாதிரி ஊருக்குத்தான் வர வேண்டும். கிருஷ்ணகிரி நகரத்துக்கு ரயிலே கிடையாது.)

கிளாஸ் எடுப்பதும் குழப்புகிற ஒன்று. அமெரிக்க ஆங்கிலத்தில் ‘டேக் எ கிளாஸ்’ என்றால் மாணவன் வகுப்பில் சேர்ந்து படிப்பது. பிரிட்டிஷ் பேச்சில் ஆசிரியரும் வகுப்பை ‘டேக்’ செய்வது உண்டு. எந்தப் பக்கமும் குழப்பம் வராமல் இருக்க, ஆசிரியருக்கு ‘டீச்’ என்று போட்டுவிடுங்கள். பரீட்சை எழுதுவதற்கு ‘டேக் ஆன் எக்ஸாம்’ என்பதே வெளிநாட்டில் பெரும்பாலும் பழக்கம். நம் ஊரில் ‘ரைட் எக்ஸாம்’ என்பார்கள். உள்ளூரில் அது புரியும், தப்பு என்று அடிக்க நான் தயாராக இல்லை.

மாத்திரைக்கு வருவோம். நாம் மாத்திரையைச் சாப்பிடுகிறோம், போட்டுக்கொள்கிறோம். ஆங்கிலத்தில் ‘ஈட்’டும் கிடையாது, ‘புட்’டும் கிடையாது. ‘டேக்’ மட்டுமே. மருந்துச் சீட்டில் இருப்பதும் அதுதான்.

மூன்றாம் படி: உருவமும் ஒலியும்

சுருக்கமாக முடித்துவிடலாம். நிகழ்காலம் ‘டேக்’. அவன், அவள், அது என்று வந்தால் ‘டேக்ஸ்’. இறந்தகாலம் ‘டுக்’. மூன்றாம் வடிவம் ‘டேக்கன்’. ‘டுக்’ குறில், ‘புக்’, ‘குக்’ மாதிரி. ‘டூக்’ என்று இழுக்க வேண்டாம்.

‘டிட்’ வந்துவிட்டால் இறந்தகாலத்தை அதுவே சுமந்துகொள்ளும், பின்னால் வருகிற வினைக்கு மறுபடி ஏற்றக்கூடாது. ‘டிட் யூ டுக்?’ தப்பு, ‘டிட் யூ டேக்?’ சரி. ‘ஹேவ்’ வந்தால் ‘டேக்கன்’. ‘ஹேவ் டுக்’ என்று யாராவது சொன்னால் உடனே காது கூச வேண்டும்.

‘டேக்கன்’ தனியாகவும் ஒரு வேலை செய்கிறது. பஸ்ஸில் ஜன்னல் சீட்டில் துண்டு கிடக்கிறது. “ஆள் வராங்களா?” என்று கேட்கிறோம் இல்லையா, அதுதான் ‘இஸ் திஸ் சீட் டேக்கன்?’. துண்டுக்காரர் அங்கே இல்லாவிட்டாலும் சீட் ‘டேக்கன்’தான்.

நான்காம் படி: போ என்றால் டேக், வா என்றால் பிரிங்

ஆங்கிலம் படிக்கிற பல நாட்டுக்காரர்கள் ‘டேக்’, ‘பிரிங்’ இரண்டையும் குழப்பிக்கொள்வார்கள். நமக்கு அந்தக் கஷ்டம் தேவையே இல்லை. தமிழே வழி காட்டிவிடுகிறது. வாக்கியத்தின் கடைசியில் ‘போ’ இருந்தால் ‘டேக்’, ‘வா’ இருந்தால் ‘பிரிங்’. கொண்டு போ, கூட்டிட்டுப் போ, தூக்கிட்டுப் போ, ஓட்டிட்டுப் போ எல்லாமே ‘டேக்’. கொண்டு வா, கூட்டிட்டு வா, எடுத்துட்டு வா எல்லாமே ‘பிரிங்’.

‘எடுத்துட்டு வா’வில்தான் கவனம் வேண்டும். முதலில் ‘எடு’ காதில் விழுவதால் பலரும் ‘டேக் அண்ட் கம்’ என்று சொல்லிவிடுகிறார்கள். அதே போலக் ‘கூப்பிட்டுப் போ’வை ‘கால் அண்ட் கோ’ என்கிறார்கள். நாம் இரண்டு வினையால் சொல்வதை ஆங்கிலம் ஒன்றால் முடித்துவிடுகிறது. கடைசி வினையைப் பாருங்கள், அதற்கேற்ற ஒரே சொல்லைப் போடுங்கள், அவ்வளவுதான்.

எங்கே என்பதற்கு முன்னால் ‘டு’ வரும். அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனான்: ‘ஹி டுக் ஹிஸ் மதர் டு தி ஹாஸ்பிடல்’. தக்காளியை ராயக்கோட்டை மார்க்கெட்டுக்குக் கொண்டு போனோம்: ‘வி டுக் தி டொமேட்டோஸ் டு தி ராயக்கோட்டை மார்க்கெட்’. ‘ஹோம்’, ‘தேர்’ போன்றவற்றுக்கு முன்னால் ‘டு’ கிடையாது: ‘டேக் ஹர் ஹோம்’.

ஐந்தாம் படி: ஆகும், பிடிக்கும்

நேரத்தைச் சொல்வதற்கு ஒரே அச்சு போதும். ‘இட் டேக்ஸ்’ என்று தொடங்கி, அப்புறம் ஆள், அப்புறம் நேரம், அப்புறம் ‘டு’ போட்டு வேலை. கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூர் ஏறக்குறைய 50 கிலோமீட்டர். எனக்கு பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம் ஆகிறது என்றால், ‘இட் டேக்ஸ் மீ ஒன் அண்ட் எ ஹாஃப் அவர்ஸ் டு ரீச் ஓசூர்’. ஆள் முக்கியமில்லை என்றால் ‘மீ’யை விட்டுவிடலாம்.

கேள்வியை நம் ஆட்கள் ‘ஹௌ மச் டைம் இட் வில் டேக்?’ என்று கேட்பார்கள். அது தமிழ்ச் சொல் வரிசை. ‘ஹௌ லாங் வில் இட் டேக்?’ என்று மாற்றிக்கொள்ளுங்கள். வழக்கமாக ஆகிற நேரம் என்றால் ‘ஹௌ லாங் டஸ் இட் டேக்?’. காரிமங்கலத்திலிருந்து என்னிடம் வந்த பையன் ஒருவனிடம், இண்டர்வியூவில் ‘ஹௌ லாங் டஸ் இட் டேக் யூ டு கெட் ஹியர்?’ என்று கேட்டிருக்கிறார்கள். அவன் காதில் விழுந்தது ‘டேக்’ மட்டும்தான். ‘ஐ டேக் பஸ், சார்’ என்று பளிச்சென்று பதில் சொல்லிவிட்டு வந்தான்.

நேரத்துக்கு மட்டும் இல்லை, பொறுமை, துணிச்சல், பணம் எதற்கும் இதே அச்சுதான். ‘இட் டேக்ஸ் பேஷன்ஸ்’ என்றால் பொறுமை வேண்டும். ஒரு சின்னப் புலம்பல்: இப்போதெல்லாம் தமிழிலேயே ‘பத்து நிமிடம் எடுக்கும்’ என்று எழுதுகிறார்கள். ஆகும், பிடிக்கும் என்று நம்மிடம் நல்ல சொற்கள் இருக்கும்போது அது எதற்கு?

ஆறாம் படி: பெயர்ச்சொல்லோடு ஒட்டிக்கொள்ளும்போது

‘டேக் எ லுக்’ என்றால் பார். ‘டேக் எ சீட்’ என்றால் உட்கார். ‘டேக் எ பிரேக்’ என்றால் கொஞ்ச நேரம் வேலையை நிறுத்து. இங்கெல்லாம் பொருள் பின்னால் வருகிற சொல்லில் இருக்கிறது, ‘டேக்’ வண்டி மட்டும்தான் ஓட்டுகிறது. நாம் ‘ட்ரை பண்ணு’, ‘போன் பண்ணு’ என்று ‘பண்ணு’வை ஒட்டுகிற மாதிரி. நடுவில் அந்தச் சின்ன ‘எ’வை விழுங்கிவிடாதீர்கள். ‘டேக் லெஃப்ட்’ என்று ஆட்டோக்காரரிடம் சொன்னால் திரும்பிவிடுவார், எழுதும்போது ‘டேக் எ லெஃப்ட்’ அல்லது ‘டர்ன் லெஃப்ட்’.

சிலவற்றில் ‘எ’ வரவே வராது: ‘டேக் பார்ட் இன்’, கலந்துகொள், ‘டேக் கேர் ஆஃப்’, பார்த்துக்கொள், ‘டேக் ப்ளேஸ்’, நடைபெறு. கடைசியில் இருப்பது அதிகம் பயன்படும். கிருஷ்ணகிரியில் ஆண்டுதோறும் மாங்கனிக் கண்காட்சி நடக்கிறது: ‘தி மேங்கோ எக்ஸிபிஷன் டேக்ஸ் ப்ளேஸ் இன் கிருஷ்ணகிரி எவ்ரி இயர்’. இதை ‘இஸ் டேக்கன் ப்ளேஸ்’ என்று எழுதுவதைப் பார்க்கிறேன். நிகழ்ச்சி தானாக ‘டேக் ப்ளேஸ்’ செய்யும், அதை யாரும் செய்ய வேண்டியதில்லை. நேற்று நடந்தது என்றால் ‘டுக் ப்ளேஸ்’.

‘மிஸ்டேக்’ என்ற சொல்லுக்குள்ளும் ‘டேக்’தான் உட்கார்ந்திருக்கிறது, தப்பாகப் பிடித்துக்கொள்வது. ஆனால் தப்பை ‘டேக்’ செய்ய முடியாது, ‘மேக் எ மிஸ்டேக்’ மட்டுமே.

ஏழாம் படி: எடுத்துக்கொள், தாங்கு, வாங்கிக்கொள்

இங்கே தமிழும் ஆங்கிலமும் கை கோத்து நடக்கின்றன. ‘தப்பா எடுத்துக்காதீங்க’ என்றால் ‘டோன்ட் டேக் இட் தி ராங் வே’. ‘சீரியஸா எடுத்துக்கோ’ என்றால் ‘டேக் இட் சீரியஸ்லி’. ‘எடு’வோடு ‘கொள்’ சேர்ந்து மனசுக்குள் போகிற இடமெல்லாம் பெரும்பாலும் ‘டேக்’கைத் தைரியமாகப் போடலாம்.

‘ஐ காண்ட் டேக் இட் எனிமோர்’ என்றால், இனிமேல் தாங்க முடியாது. கடையில் ‘டு யூ டேக் ஜிபே?’ என்றால், ஜிபேயில் காசு வாங்கிக்கொள்வீர்களா என்று கேட்கிறார். ‘டு யூ டேக் சுகர்?’ என்றால், டீக்குச் சர்க்கரை போடலாமா என்று அர்த்தம், எடுத்துக்கொண்டு போகச் சொல்லவில்லை.

எட்டாம் படி: வால் முளைத்த ‘டேக்’

என்னைக் கவிழ்த்தது இதுதான். ‘அப்’, ‘ஆஃப்’, ‘ஓவர்’ போன்ற குட்டிச் சொல் பின்னால் ஒட்டினால் பொருளே மாறிவிடும். எல்லாவற்றையும் ஒரே நாளில் மனப்பாடம் செய்ய வேண்டாம். வேலை இடத்தில் அடிக்கடி வருகிற மூன்றை முதலில் கைக்குள் கொண்டு வாருங்கள்.

‘டேக் ஓவர்’ என்றால் பொறுப்பை வாங்கிக்கொள்வது. நம் மண்ணிலேயே உதாரணம் கிடக்கிறது. 1792-ல் ஸ்ரீரங்கப்பட்டண ஒப்பந்தத்தில் திப்பு சுல்தான் பாரமகாலைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு விட்டுக்கொடுக்க நேர்ந்தது. இன்றைய தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பகுதிகள் அதில் அடக்கம். ‘தி கம்பெனி டுக் ஓவர் தி பாரமகால் இன் 1792.’ நிர்வாகத்துக்கு அலெக்சாண்டர் ரீடு வந்தார், அவருக்கு உதவியாக தாமஸ் மன்றோ. ஷிப்ட் மாறும்போது வருவதும் இதே ‘டேக் ஓவர்’தான். யாரிடமிருந்து என்பதற்கு ‘ஃப்ரம்’: ‘ஐ டுக் ஓவர் ஃப்ரம் ஹிம் அட் சிக்ஸ்’. ஆறு மணிக்கு அவரிடமிருந்து பொறுப்பை வாங்கிக்கொண்டேன்.

‘டேக் ஆஃப்’ மூன்று வேலை செய்யும். விமானம் கிளம்புவது ஒன்று. செருப்பு, சட்டை, ஹெல்மெட் கழற்றுவது இன்னொன்று. நாளைக் குறிக்கும்போது லீவு போடுவது: ‘ஐ டுக் எ டே ஆஃப்’. ஆலையில் ‘டேக் ஆஃப் யுவர் ரிங்ஸ்’ என்று எழுதியிருந்தால் மோதிரத்தைக் கழற்றிவிட்டு உள்ளே வரச் சொல்கிறார்கள். மாங்கூழ் ஓடுகிற இடத்தில் மோதிரத்துக்கு வேலை இல்லை.

‘டேக் அப்’புக்கு ஒரு பொருள் பெயர்த்து எடுப்பது. மொரப்பூரிலிருந்து தர்மபுரிக்கு ஒரு காலத்தில் குறுகிய ரயில் பாதை ஓடியது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அதைப் பெயர்த்துவிட்டார்கள். அது ‘தே டுக் அப் தி ரெயில்ஸ்’. இன்னொன்று, புதிதாக ஒன்றைத் தொடங்குவது: ‘ஷி டுக் அப் டெய்லரிங்’. மூன்றாவதுதான் அன்று என்னைக் கவிழ்த்தது: ஒரு விஷயத்தை இன்னொருவரிடம் கொண்டு போய்ப் பேசுவது. இந்தப் பொருளில் பெரும்பாலும் ‘வித்’ கூடவே வரும். அந்த மெயிலில் ‘வித்’ என் கண்ணுக்கு எதிரிலேயே இருந்தது. பார்க்கத் தெரியவில்லை.

மற்றவற்றை வேகமாகப் பார்த்துவிடலாம். ‘டேக் அவுட்’ வெளியே எடு, நீக்கு. ‘டேக் டவுன்’ குறித்துக்கொள் அல்லது இறக்கு. ‘டேக் பேக்’ திருப்பி எடுத்துக்கொள், சொன்ன சொல்லைக்கூட. ‘டேக் ஆன்’ புதுப் பொறுப்பை ஏற்றுக்கொள் அல்லது ஆளை வேலைக்குச் சேர். ‘டேக் ஆஃப்டர்’ பெற்றவர், பாட்டி, தாத்தா போல இருப்பது.

‘இட்’, ‘தெம்’ மாதிரி சின்னச் சொல் வந்தால் நடுவில் போகும்: ‘டேக் இட் ஆஃப்’ சரி, ‘டேக் ஆஃப் இட்’ தப்பு. ‘டேக் ஆஃப்டர்’ மட்டும் பிரியாது: ‘ஷி டேக்ஸ் ஆஃப்டர் ஹர்’.

கடைசிப் படி: கையால் எழுதிப் பாருங்கள்

கீழே ஆறு வாக்கியம். ஒரு தாளில் ஆங்கிலத்தில் எழுதிவிட்டு, அப்புறம் விடையைப் பாருங்கள்.

பாலக்கோட்டுக்குப் போக எவ்வளவு நேரம் ஆகும்? இந்தக் கூடையை அம்மாகிட்ட கொண்டு போய்க் கொடு. சாப்பிட்டுட்டு அந்த மாத்திரையைப் போட்டுக்கோ. இப்பத்தான் பஸ்ஸை எடுத்தாங்க. இந்தப் பொண்ணு அப்படியே அவ பாட்டி மாதிரி. பொங்கலுக்குத் துணி எடுத்தாச்சா?

விடைகள்: ‘ஹௌ லாங் டஸ் இட் டேக் டு கெட் டு பாலக்கோடு?’, ‘டேக் திஸ் பேஸ்கெட் டு மதர்’, ‘டேக் தட் டேப்லெட் ஆஃப்டர் யூ ஈட்’, ‘தி பஸ் ஹேஸ் ஜஸ்ட் லெஃப்ட்’, ‘திஸ் கேர்ள் டேக்ஸ் ஆஃப்டர் ஹர் கிராண்ட்மதர்’, ‘ஹேவ் யூ பாட் கிளாத்ஸ் ஃபார் பொங்கல்?’

நாலாவதிலும் ஆறாவதிலும் ‘டேக்’ போட்டவர்கள் இரண்டாம் படியை இன்னொரு முறை படித்துவிட்டு வாருங்கள். என் வகுப்பிலும் முதல் தடவையில் பாதிப் பேர் அங்கேதான் திரும்பிப் போகிறார்கள்.